போன் யார் கையில் இருக்கிறது? நோய்த்தொற்றுக் காலத்தில் எச்.ஐ.வி. தடுப்புச் செய்தி அனுப்பப் பழகுவோருக்கு

2020 மார்ச் 24 இரவு பிரதமர் தொலைக்காட்சியில் ஊரடங்கை அறிவித்து முடித்தபோது எச்.ஐ.வி. தடுப்புக்காக ஆட்களைத் தேடிப் போய்ப் பேசும் எங்கள் சின்னக் குழுவின் வேலையும் அதோடு நின்றுபோனது. பேருந்து நிலையத்தில் ஆளைப் பார்த்துப் பேச முடியாது. லாரி நிறுத்தத்துக்குப் போக முடியாது. பூங்காவைப் பூட்டிவிட்டார்கள். மிச்சம் இருந்தது போன் ஒன்றுதான். மறுநாளே ஒரு வாட்ஸ்அப் குரூப் தொடங்கி, கையில் இருந்த எண்களை எல்லாம் அதில் சேர்த்தோம். அறுபது சொச்சம் பேர். "ஊரடங்கிலும் மாத்திரையை நிறுத்தாதீர்கள்" என்று அக்கறையாக ஒரு செய்தியும் போட்டோம்.

அன்று இரவு பதினோரு மணிக்கு ஒருவர் கூப்பிட்டார். "அண்ணா, அந்தக் குரூப்புல என் சித்தப்பா பையனும் இருக்கான்ணா." அவ்வளவுதான் சொன்னார். அப்புறம் இரண்டு பக்கமும் பேச்சில்லை.

ஒரே ஊர், ஒரே குடும்பம். இருவரும் தனித்தனியாக எங்களிடம் வந்தவர்கள், ஒருவரைப் பற்றி மற்றவருக்குத் தெரியாது. நாங்கள்தான் தெரிய வைத்தோம். குரூப்பை அப்போதே கலைத்தோம். பார்த்த எண்ணைப் பார்க்காததாக்க எந்த பட்டனும் இல்லை.

இதை எழுதுவது அந்தத் தவறை நீங்கள் செய்யாமல் இருக்கத்தான். எச்.ஐ.வி. தடுப்பு பற்றி சமூக ஊடகத்தில் எழுத வேண்டும் என்று வருகிற இளைஞர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது "எந்த ஆப்பில் டிசைன் செய்யலாம்?" என்பதை. நான் திருப்பிக் கேட்பது வேறு: நீங்கள் அனுப்பும் செய்தி போய்ச் சேரும்போது அந்த போன் யார் கையில் இருக்கும்? ஊரடங்கில் ஒரு வீட்டுக்கு ஒரு போன். காலையில் பிள்ளையின் ஆன்லைன் வகுப்பு, மதியம் மாமியாரின் சீரியல், இரவில் கணவர். அந்த நிலையை மனத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதல் படி: தெரிந்ததைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்

ஒரு தாளில் அடிப்படை விஷயங்களை உங்கள் சொந்த வார்த்தையில் எழுதுங்கள். பக்கத்து அரசு மருத்துவமனையின் நம்பிக்கை மையத்தில் (எச்.ஐ.வி. ஆலோசனையும் பரிசோதனையும் தரும் இடம்) இருக்கும் ஆலோசகரிடம் காட்டித் திருத்தி வாங்குங்கள். ஊரடங்கு என்றால் போனிலேயே படித்துக் காட்டுங்கள். பத்து நிமிட வேலைதான், ஆனால் தவறான ஒரு வரி பல குரூப்புகளுக்குப் போன பிறகு திருத்துவது லேசில்லை.

அந்தத் தாளில் இருக்க வேண்டியவை இவை. ஆணுறை இல்லாத உடலுறவு, ஒரே ஊசியைப் பலர் பயன்படுத்துவது, தொற்றுள்ள ரத்தம், கர்ப்பத்திலோ பிரசவத்திலோ தாய்ப்பாலிலோ தாயிடமிருந்து குழந்தைக்கு: எச்.ஐ.வி. பரவும் வழிகள் இவ்வளவுதான். கொசுக்கடி, ஒரே தட்டு, ஒரே கழிப்பறை, கைகுலுக்கல் எதிலும் பரவாது. கர்ப்பிணிக்குத் தொற்று இருந்து எந்தச் சிகிச்சையும் இல்லை என்றால் குழந்தைக்குப் பரவும் வாய்ப்பு 15 முதல் 45 சதவீதம். சரியான நேரத்தில் மருந்து எடுத்தால் அது 5 சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிடும். ஊரடங்கில் மாதாந்தரப் பரிசோதனைக்குப் போகாமல் வீட்டிலேயே இருந்த கர்ப்பிணிகளுக்கு இந்த ஒரு கணக்கே போதும், ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கிளம்ப.

பாதுகாப்பு தவறிப்போனது, ஊசி குத்திக்கொண்டது, வன்முறைக்கு ஆளானது போன்ற நேரங்களில் தொற்றைத் தடுக்க மருந்து உண்டு. அதன் பெயர் பெப். 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. பிறகு 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். ஊரடங்கில் இந்த 72 மணி நேரம் எத்தனை சீக்கிரம் கரைந்துவிடும் என்று யோசித்துப் பாருங்கள். "திங்கட்கிழமை தளர்வு வரும், அப்போது போகலாம்" என்று நினைத்தால் கதை முடிந்தது. இது அவசர சிகிச்சை, உடனே அரசு மருத்துவமனைக்குப் போகலாம் என்பதைச் செய்தியில் அழுத்திச் சொல்லுங்கள்.

இன்னொன்று, தமிழில் மிகக் குறைவாகப் பேசப்படும் விஷயம். தொற்றுள்ளவர் ஏ.ஆர்.டி. எனப்படும் கூட்டு மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டு, ரத்தத்தில் வைரஸ் அளவு பரிசோதனையில் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து, அப்படியே நீடித்தால், அவரிடமிருந்து உடலுறவு வழியாக இன்னொருவருக்குப் பரவாது. படித்தவர்களிடம் சொன்னாலும் "அப்படியா?" என்று புருவத்தை உயர்த்துகிறார்கள். மாத்திரை என்பது தன்னைக் காப்பதோடு துணையையும் காக்கிறது என்பதால், ஊரடங்கில் ஒருவருக்கு மாத்திரை தடைபடாமல் பார்த்துக்கொள்வதும் தடுப்பு வேலைதான். பலர் ஆணுறை பற்றிப் பேசுவது மட்டுமே தடுப்பு என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இரண்டாம் படி: ஒரு முகத்தை நினைத்து எழுதுங்கள்

"பொதுமக்களுக்கு" என்று எழுதினால் யாருக்கும் போய்ச் சேராது. ஒரே ஒரு ஆளை நினைத்துக்கொள்ளுங்கள். திருப்பூரில் வேலை நின்று ஊருக்குத் திரும்பிய இருபத்திரண்டு வயதுப் பையன். மகாராஷ்டிர எல்லையில் மூன்று நாள் நின்றுவிட்டு வீடு வந்த லாரி ஓட்டுநரின் மனைவி. கடை கேட்கப் போக முடியாமல் வருமானம் அறுந்துபோன திருநங்கை. ஹாஸ்டலை மூடியதால் அப்பா அம்மாவோடு ஒரே அறையில் படுக்கும் கல்லூரி மாணவர், ஆண்களைச் சந்திக்க ஆப் வைத்திருப்பவர்.

இவர்களில் ஒவ்வொருவருக்கும் கேள்வி வேறு. அந்தப் பையனுக்கு ஆணுறை எங்கே கிடைக்கும் என்பது கேள்வி. மருந்துக் கடை ஊரடங்கிலும் திறந்திருந்தது, அதைச் சொன்னாலே போதும். அரசு தரும் நிரோத் மையங்களில் இலவசமாகக் கிடைப்பதையும் சேர்க்கலாம். ஓட்டுநரின் மனைவிக்கு, கணவரிடம் பரிசோதனை பற்றிப் பேச்செடுப்பது எப்படி என்பதுதான் கேள்வி. ஆணுறை படம் போட்ட போஸ்டர் அவருக்கு எந்த உதவியும் செய்யாது, வீட்டில் சண்டையைத்தான் மூட்டும். திருநங்கைக்கு முதல் கேள்வி அரிசி. அரிசி, வாடகை பற்றி ஒரு வார்த்தை இல்லாமல் எச்.ஐ.வி. பற்றி மட்டும் பேசுகிறவரை யார் மதிப்பார்கள்? நிவாரணம் எங்கே தருகிறார்கள் என்ற தகவலோடு சேர்த்து அனுப்பியபோதுதான் எங்களுக்குப் பதில் வரத் தொடங்கியது.

மூன்றாம் படி: பொதுப் பதிவு வேறு, தனிச் செய்தி வேறு

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வீர்கள் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். ஊருக்கே தெரியும்படி போடும் பதிவில் எச்.ஐ.வி. என்று வெளிப்படையாக, சாதாரணமாக எழுதுங்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம் என்று சொல்வது போலச் சொல்லுங்கள். அப்படிச் சொல்லிச் சொல்லித்தான் அந்தச் சொல்லின் மேல் இருக்கும் பயம் தேயும். ஆனால் ஒருவரின் போனுக்கு நேராகப் போகும் செய்தியில் அந்தச் சொல் இருக்கவே கூடாது. குறைந்தது முதல் இரண்டு வரியிலாவது இருக்கக் கூடாது. பூட்டிய திரையின் மேலேயே முதல் வரி தெரியும், பிள்ளை பாடத்துக்கு நடுவே உரக்கப் படித்துவிடும்.

பொதுப் பதிவு இப்படி இருக்கலாம்:

"கடைசியாக எப்போது ரத்தப் பரிசோதனை செய்தீர்கள்? சர்க்கரை பார்ப்பது போலவே எச்.ஐ.வி.யும் பார்த்துக்கொள்ளலாம். அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்தில் இலவசம். முடிவை உங்களிடம் மட்டும் சொல்வார்கள். சந்தேகம் என்றால் 1097. அழைக்கக் கட்டணம் இல்லை."

தனிச் செய்தி இப்படி:

"வணக்கம் அக்கா. போன மாதம் பேசினோமே. ஊரடங்கு நேரத்தில் மருத்துவமனை விஷயமாக ஒரு நல்ல தகவல் இருக்கிறது. பேச வசதியான நேரம் மட்டும் சொல்லுங்கள், நானே கூப்பிடுகிறேன்."

இரண்டாவதில் ஒன்றும் இல்லையே என்று தோன்றும். அதுதான் நோக்கம். யார் எடுத்துப் படித்தாலும் ஒன்றும் புரியக் கூடாது. பேச வேண்டியது எல்லாம் அவர் மொட்டை மாடிக்கோ கொல்லைப்புறத்துக்கோ போனதும் பேசிக்கொள்ளலாம். கூப்பிட்டதும் "இப்போ பேசலாமா, பக்கத்துல யாராவது இருக்காங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் விஷயத்துக்கு வர வேண்டும். "ஆமா, வீட்ல எல்லாரும் இருக்காங்க" என்றால், "சரிக்கா, ரேஷன் விஷயம்தான், அப்புறம் பேசுறேன்" என்று வைத்துவிடுங்கள். ரேஷன் நல்ல சாக்கு. அந்த நாட்களில் எல்லோர் வீட்டிலும் அதே பேச்சுதான்.

உங்கள் கணக்கின் பெயர், முகப்புப் படம் இரண்டையும் பாருங்கள். சிவப்பு ரிப்பன் படமும் எய்ட்ஸ் என்ற சொல்லும் உள்ள கணக்கிலிருந்து "வணக்கம் அக்கா" என்று அனுப்பினாலும் குட்டு வெளிப்பட்டுவிடும். பூ, மரம், "நலம்" என்ற மாதிரி பெயர் போதும்.

குரல் பதிவு பற்றி ஒரு எச்சரிக்கை. எழுதப் படிக்கச் சிரமப்படுவோருக்குக் குரல் பதிவு அருமையான வழி. மதுரைப் பேச்சில், கொங்குப் பேச்சில் நாற்பது நொடி பேசினால் அரை மணி நேரக் கருத்தரங்கைவிட மனத்தில் நிற்கும். ஆனால் தட்டியதும் ஸ்பீக்கரில் சத்தமாக ஓடும். கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போது அது "எச்.ஐ.வி. பரிசோதனை..." என்று தொடங்கினால் என்ன ஆகும்? கேட்டுவிட்டு, அவர் சரி என்ற பிறகே அனுப்புங்கள்.

குரூப் வேண்டவே வேண்டாம். குரூப்பில் எல்லோர் எண்ணும் எல்லோருக்கும் தெரியும். பிராட்காஸ்ட் பட்டியலில் ஒருவருக்கு மற்றவர் தெரிய மாட்டார். ஆனால் உங்கள் எண்ணைத் தன் போனில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டும்தான் அது போய்ச் சேரும் என்பதையும் மறக்காதீர்கள். 2023-இல் வந்த வாட்ஸ்அப் சேனலில் பின்தொடர்வோர் ஒருவர் எண்ணை மற்றவர் பார்க்க முடியாது. பொதுச் செய்திக்கு இப்போது அது நல்ல வழி. மறையும் செய்தி வசதியையும் போட்டு வையுங்கள். ஆனால் ஸ்கிரீன்ஷாட் எடுப்பதை அது தடுக்காது.

இது நாகரிகம் மட்டுமில்லை, சட்டமும் கூட. 2017-ஆம் ஆண்டு எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம் 2018 செப்டம்பர் 10 முதல் அமலில் இருக்கிறது. ஒருவருக்குத் தொற்று இருக்கிறது என்பதை அவர் சம்மதம் இல்லாமல் வெளியிடக் கூடாது. தொற்றுள்ளோர் மேல் வெறுப்பைத் தூண்டும்படி எழுதினால் மூன்று மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை சிறையும், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்க இடமிருக்கிறது. நல்லெண்ணத்தில் "இவர் தைரியமாக வாழ்கிறார், பாருங்கள்" என்று ஒருவர் படத்தைப் போடுவதற்கும் எழுத்துப்பூர்வமான சம்மதம் வாங்குங்கள். வாங்கிய பிறகும் ஒரு வாரம் கழித்து மறுபடி கேளுங்கள். மனம் மாறியிருக்கலாம்.

நான்காம் படி: பழைய சொற்களைக் கழற்றி வையுங்கள்

இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டது 1986-இல், நம் சென்னையில். மருத்துவர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலாவும் செய்த ஆய்வில், பாலியல் தொழிலில் இருந்த பெண்களிடம் எடுத்த ரத்தத்தில் தெரிந்தது. 1994-இல் தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் வந்தது. அந்தக் காலத்திலிருந்து தமிழில் நாம் செய்த பிரச்சாரத்தின் வரலாறு நீளமானது, எல்லாம் பெருமைப்படும்படி இல்லை. மண்டை ஓடு, "உயிர்க்கொல்லி நோய்", "தகாத உறவு". பயந்தால் ஒழுங்காக இருப்பார்கள் என்ற கணக்கு. பயந்தவர்கள் ஒழுங்காக இருந்தார்களோ என்னவோ, பரிசோதனைக்குப் போகாமல் இருந்தார்கள்.

2000-களின் தொடக்கத்தில் "புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?" என்று ஊர் முழுக்கப் பலகை வைத்தது நாற்பது தாண்டியவர்களுக்கு நினைவிருக்கும். யாருடா புள்ளிராஜா என்று டீக்கடை தோறும் பேசினார்கள். கவனத்தை இழுப்பதில் அதற்கு நூற்றுக்கு நூறு. ஆனால் அது கேலிப்பேச்சாகவும் மாறியது. எய்ட்ஸ் என்றால் புள்ளிராஜா மாதிரி ஆளுக்கு வருவது, நமக்கு இல்லை என்று பலர் எடுத்துக்கொண்டார்கள். இன்று ஒரு மீம் போடும்போதும் இதே கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்: சிரிப்பவர் யாரைப் பார்த்துச் சிரிக்கிறார்?

"ஒருவனுக்கு ஒருத்தி" என்ற வாசகமும் அப்படித்தான். கேட்க நன்றாக இருக்கிறது. கணவர் ஒருவரைத் தவிர யாரையும் அறியாத எத்தனையோ பெண்களுக்கு அந்தக் கணவரிடமிருந்தே தொற்று வந்தது. அந்த வாசகத்தைப் படிக்கும்போது அவர்களுக்கு எப்படி இருக்கும்?

"எய்ட்ஸ் நோயாளி" என்று எழுதாமல் "எச்.ஐ.வி.யுடன் வாழ்பவர்" என்று எழுதுங்கள். எச்.ஐ.வி. தொற்று இருப்பதும் எய்ட்ஸ் நிலைக்குப் போவதும் வேறு வேறு. "தப்பு செய்தவர்களுக்கு வரும்" என்ற வாசனை அடிக்கும் எந்த வரியையும் வெட்டுங்கள். கொரோனா வந்தபோது வீட்டு வாசலில் தகரம் அடித்ததையும் பக்கத்து வீட்டுக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டதையும் பார்த்தோமே. எச்.ஐ.வி.யுடன் வாழ்பவர்களுக்கு அது புதிதில்லை என்று ஒரு பதிவு போட்டோம். அந்தக் காலத்தில் நாங்கள் போட்டதில் அதிகம் பகிரப்பட்டது அதுதான். தன் வாசலில் தகரம் பார்த்தவருக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

ஐந்தாம் படி: ஒரு செய்தி, ஒரு வேலை

ஒரு படத்தில் ஏழு குறிப்பு அடைக்காதீர்கள். படித்தவர் அடுத்து செய்யக்கூடிய ஒரே ஒரு காரியம் அதில் இருக்க வேண்டும், அது அவரால் இன்றே முடிய வேண்டும். "விழிப்புணர்வோடு இருப்போம்" என்பதை எப்படிச் செய்வது? "நாளை காலை மருத்துவமனைக்குக் கூப்பிட்டு மாத்திரை எப்போது தருகிறார்கள் என்று கேளுங்கள்" என்பதைச் செய்யலாம்.

நோய்த்தொற்றுக் காலத்தில் தங்கம் போன்ற செய்தி உள்ளூர்த் தகவல்தான். மையம் எத்தனை மணி வரை திறந்திருக்கிறது, ஊழியர்கள் கொரோனா பணிக்குப் போய்விட்டார்களா, எந்த வாசல் வழியாகப் போக வேண்டும், பேருந்து ஓடுகிறதா. 2020-இல் மூன்று மாதம் வரைக்கான மாத்திரையைச் சேர்த்துத் தரலாம் என்று தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு சிகிச்சை மையங்களுக்குச் சொன்னது. பலருக்கு அது தெரியவே தெரியாது. மாதா மாதம் போலீஸ் தடுப்பைத் தாண்டிப் போக வேண்டும் என்று நினைத்து மாத்திரையையே விட்டவர்கள் இருந்தார்கள். "மூன்று மாதத்துக்குத் தருவார்களா என்று கேளுங்கள்" என்ற ஒரு வரி ஆயிரம் போஸ்டருக்குச் சமம்.

இத்தகைய தகவல் பால் மாதிரி, மறுநாளே திரிந்துவிடும். ஒவ்வொரு செய்தியிலும் தேதி போடுங்கள். காலையில் மையத்துக்குக் கூப்பிட்டுக் கேட்காமல் நேற்றையதை மறுபடி அனுப்பாதீர்கள். நாங்கள் ஒரு முறை அனுப்பினோம். ஒருவர் பதினெட்டு கிலோமீட்டர் சைக்கிள் மிதித்துப் போய்ப் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பினார். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வழியில் போலீஸ் நிறுத்தினால் என்ன சொல்வது என்பதையும் எழுதுங்கள். "அரசு மருத்துவமனைக்கு மாத்திரை வாங்கப் போகிறேன்" என்றால் போதும், எந்த நோய்க்கு என்று நடுத்தெருவில் விளக்க வேண்டியதில்லை. சிகிச்சைப் புத்தகத்தைக் காட்டுங்கள் என்று செய்தியில் எழுதிவிடாதீர்கள். அதைப் பார்ப்பவர் அதே தெருக்காரராக இருக்கலாம்.

ஆறாம் படி: வதந்தி

கொரோனா காலத்தில் எச்.ஐ.வி.யை இழுத்துக்கொண்டு வந்த வதந்திகள் தனி ரகம், ஏனென்றால் ஒவ்வொன்றிலும் துளி உண்மை இருந்தது. 2020 தொடக்கத்தில் எச்.ஐ.வி. மருந்துகளில் சிலவற்றைக் கொரோனாவுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். பிறகு நடந்த பெரிய ஆய்வுகளில் பலன் இல்லை என்று தெரிந்தது. ஆனால் அதற்குள் "ஏ.ஆர்.டி. மாத்திரை சாப்பிடுபவருக்குக் கொரோனா வராது" என்று ஒரு ஃபார்வர்டு. அதே ஆண்டு கொரோனா வைரஸில் எச்.ஐ.வி.யின் துண்டுகள் இருப்பதாக ஓர் ஆய்வுக் கட்டுரை வந்தது, எழுதியவர்களே சில நாட்களில் திரும்பப் பெற்றார்கள். திரும்பப் பெற்ற செய்தி ஃபார்வர்டில் வராது அல்லவா? டிசம்பர் 2020-இல் ஆஸ்திரேலியாவில் தயாரான ஒரு தடுப்பூசியைப் பாதியில் கைவிட்டார்கள். அதில் எச்.ஐ.வி. புரதத்தின் சிறு பகுதியைப் பயன்படுத்தியிருந்ததால், போட்டுக்கொண்ட சிலருக்குத் தொற்று இல்லாமலேயே எச்.ஐ.வி. பரிசோதனையில் பாசிட்டிவ் காட்டியது. நம் ஊருக்கு வந்து சேரும்போது அது "தடுப்பூசி போட்டால் எய்ட்ஸ் வரும்" என்று ஆகிவிட்டது.

இத்தகையவற்றுக்குப் பதில் எழுதும்போது வதந்தியைத் தலைப்பாகப் போடாதீர்கள். பெரிய எழுத்தில் உள்ள வரிதான் மனத்தில் நிற்கும், கீழே சின்னதாக "இது பொய்" என்று போட்டதை யார் படிக்கப்போகிறார்கள்? உண்மையில் தொடங்குங்கள்: "எச்.ஐ.வி.யுடன் வாழ்பவர்களும் கொரோனா தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும்." அடுத்து வதந்தி எங்கிருந்து வந்தது என்று இரண்டு வரி. கடைசியில் மறுபடி உண்மை. அந்தத் துளி உண்மையை மறைக்காமல் சொல்லுங்கள், மறைத்தால் உங்களையும் சேர்த்து நம்ப மாட்டார்கள்.

அனுப்பியவரைக் குரூப்பில் வைத்துத் திருத்தாதீர்கள். பெரியப்பா ஒருவர் போட்டதை எல்லோர் முன்னாலும் பொய் என்றால் அவர் அதையே பிடித்துக்கொண்டு நிற்பார். தனியாக, "பெரியப்பா, இது நானும் நம்பிட்டேன், அப்புறம் டாக்டர்கிட்ட கேட்டேன், இப்படிச் சொன்னாங்க" என்றால் அவரே நீக்கிவிடுவார். ஏப்ரல் 2020-இல் பலமுறை ஃபார்வர்டு ஆன செய்தியை ஒரு நேரத்தில் ஒரு சாட்டுக்கு மட்டுமே அனுப்ப முடியும் என்று வாட்ஸ்அப் கட்டுப்படுத்தியது. நல்ல செய்திக்கும் அதே விதிதான். அதனால் உங்கள் செய்தி ஃபார்வர்டில் பரவும் என்று நம்பி உட்காராமல், ஒவ்வொரு ஊருக்கும் ஓர் ஆளைப் பிடித்து அவரைப் புதிதாகத் தட்டச்சு செய்து அனுப்பச் சொல்லுங்கள்.

எந்தத் தளம்?

உங்கள் ஆட்கள் ஏற்கெனவே எங்கே இருக்கிறார்களோ அங்கே. அதைவிட முக்கியம், ஒரே தளத்தை நம்பாதீர்கள். 2020 ஜூன் இறுதியில் டிக்டாக் தடை செய்யப்பட்டபோது, அதில் ஆயிரக்கணக்கானோரைச் சேர்த்து வைத்திருந்த ஒரு திருநங்கைத் தோழியின் கணக்கு ஒரே இரவில் போனது. எந்தத் தளத்தில் எதைப் போட்டாலும் அதில் மாறாத ஒரு தொலைபேசி எண் இருக்கட்டும்.

ஃபேஸ்புக்கிலோ இன்ஸ்டாகிராமிலோ காசு கொடுத்து விளம்பரம் போடுவதாக இருந்தால், "உங்களுக்கு எச்.ஐ.வி. இருக்கிறதா?" என்று பார்ப்பவரைச் சுட்டும் வரியை அந்தத் தளம் நிராகரிக்கும். "நம்பிக்கை மையத்தில் பரிசோதனை இலவசம்" என்று மாற்றிப் போடுங்கள். உங்களிடம் உள்ள எண்களின் பட்டியலை விளம்பரத்துக்காக அதில் ஏற்றவே ஏற்றாதீர்கள். யார் சொன்னாலும் சரி.

ஏழாம் படி: பதில் வரும், தயாராக இருங்கள்

செய்தி போடுவது பாதி வேலை. மீதி, நள்ளிரவில் வரும் "ஹாய் அண்ணா, ஒரு டவுட்" என்பதற்குப் பதில் சொல்வது. டவுட் என்று தொடங்கும், நாலு செய்திக்கு அப்புறம்தான் விஷயம் வரும். "என் ஃப்ரெண்டுக்கு" என்றே கேட்பார்கள். நீங்களும் "உங்க ஃப்ரெண்டுகிட்ட இப்படிச் சொல்லுங்க" என்றே பதில் சொல்லுங்கள். யாருக்கு என்று துருவாதீர்கள்.

அடிக்கடி வரும் கேள்வி: "மூன்று நாள் முன்னாடி நடந்தது, இன்னைக்கு டெஸ்ட் எடுத்தா தெரியுமா?" தெரியாது. தொற்று ஏற்பட்ட பிறகு பரிசோதனையில் தெரிய சில வாரங்கள் ஆகும். பரிசோதனையின் வகையைப் பொறுத்து இது மாறும், மூன்று மாதம் கழித்து மறுபடி எடுத்துப் பார்ப்பது வழக்கம். ஆனால் அவர் மூன்று நாள் என்கிறாரே, 72 மணி நேரம் தாண்டிவிட்டதா என்று முதலில் மணிக்கணக்குக் கேளுங்கள். தாண்டவில்லை என்றால் அரட்டையை நிறுத்திவிட்டு அவரை மருத்துவமனைக்குக் கிளப்புங்கள்.

"காய்ச்சலும் இருமலும் இருக்கு, எய்ட்ஸா கொரோனாவா?" என்று கேட்பார்கள். அறிகுறியை வைத்து நீங்கள் எதையும் சொல்லாதீர்கள். கொரோனா பரிசோதனைக்கு அனுப்புங்கள். இருமல் இரண்டு வாரம் தாண்டினால் காசநோய்ப் பரிசோதனையும் வேண்டும் என்று சொல்லுங்கள். எச்.ஐ.வி.யுடன் வாழ்பவருக்கு அது ரொம்ப முக்கியம், கொரோனா பரபரப்பில் எல்லோரும் மறந்துபோன ஒன்று.

"பாசிட்டிவ்னு வந்துடுச்சு, இனி இருந்து என்ன பிரயோஜனம்" என்று வந்தால் தட்டச்சு செய்துகொண்டிருக்காதீர்கள். கூப்பிடுங்கள். எடுக்காவிட்டால் மறுபடி கூப்பிடுங்கள். மருத்துவ ஆலோசனைக்கு 104, மனநல உதவிக்கு 14416 இரண்டையும் கையில் வைத்திருங்கள். இந்த வேலையைத் தனியாளாகச் செய்யாதீர்கள். முறை போட்டு, இரவு பத்துக்கு மேல் யார் போனைப் பார்ப்பது என்று முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். நான் முதல் இரண்டு மாதம் அப்படிச் செய்யவில்லை. தலையணைக்கடியில் போனை வைத்துக்கொண்டு தூங்கினால் அது தூக்கமே இல்லை.

எண்ணுவது எதை?

லைக்கை எண்ணாதீர்கள். எச்.ஐ.வி. பதிவுக்கு லைக் போட்டால் மாமன் மச்சான் எல்லோருக்கும் தெரியுமே, யார் போடுவார்கள்? எங்கள் பதிவு ஒன்றுக்கு நான்கு லைக் வந்தது, அதில் இரண்டு எங்கள் குழுவினர் போட்டது. அதே பதிவைப் பார்த்துவிட்டு அந்த வாரம் ஒன்பது பேர் தனியாகச் செய்தி அனுப்பினார்கள். கூப்பிடுபவரிடம் "எங்கே பார்த்தீங்க?" என்று மட்டும் கேட்டு ஒரு நோட்டில் கோடு போடுங்கள். பெயர் வேண்டாம், எண் வேண்டாம். எந்தச் செய்தி வேலை செய்கிறது என்று இரண்டு வாரத்தில் தெரிந்துவிடும்.

கடைசிப் படி: அழித்தல்

ஊரடங்கு தளர்ந்து பேருந்து ஓடத் தொடங்கியதும் எல்லோரும் களத்துக்கு ஓடிவிடுவார்கள். போனில் இருக்கும் எண்கள் அப்படியே கிடக்கும். தன்னார்வலர் படிப்பு முடிந்து வேறு ஊர் போவார், பழைய போனைத் தம்பிக்குக் கொடுப்பார், கடையில் விற்பார். அந்த போனில் "ஏ.ஆர்.டி. அக்கா", "டெஸ்ட் பையன்" என்று சேமித்த பெயர்கள் இருக்கும்.

அதனால் ஒரு நாள் குறித்து எல்லோரும் கூடி உட்காருங்கள். தொடர்ந்து பேச விரும்புகிறார்களா என்று ஒவ்வொருவரிடமும் கேளுங்கள். வேண்டாம் என்பவர், பதில் சொல்லாதவர் எண்களை நீக்குங்கள். அரட்டையை நீக்குங்கள், கூகுள் டிரைவில் வாட்ஸ்அப் எடுத்து வைத்திருக்கும் நகலையும் நீக்குங்கள். எக்செல் பட்டியல் யாருக்காவது மின்னஞ்சலில் போயிருந்தால் அனுப்பிய பெட்டியில் ஒரு பிரதி, வந்த பெட்டியில் ஒரு பிரதி என்று இரண்டு இடத்தில் கிடக்கும். எங்களுக்கு இந்த வேலை முடிய ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஆனது. மதியம் தயிர்சாதம் வாங்கி வந்து சாப்பிட்டுவிட்டுத் தொடர்ந்தோம். சாயங்காலம் ஒருவர் தன் பழைய போனில் இன்னும் முந்நூறு எண் இருப்பதாகச் சொன்னார்.